குபர்டினோ யூனியன் டிஸ்ட்ரிக்ட்: 9 ரேட்டிங் பள்ளியா, 7 ரேட்டிங் பள்ளியா? மகள் ஆகஸ்டில் கிண்டர் சேரணும்

ஆஸ்டின்_டு_சன்னிவேல்

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸிலிருந்து ஏப்ரல் கடைசியில் கலிஃபோர்னியாவின் சன்னிவேலுக்கு வருகிறோம். மகளுக்கு ஜூனில் 5 முடிகிறது, ஆகஸ்டில் கிண்டர்கார்டன். இரண்டு அபார்ட்மெண்ட் பார்த்து வைத்திருக்கிறோம், இரண்டுமே குபர்டினோ யூனியன் டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) என்று லீசிங் ஆபீஸில் சொல்கிறார்கள். ஒரு வீட்டுக்கான எலிமெண்டரிக்கு (தொடக்கப் பள்ளி) வீடு தேடும் தளத்தில் பத்துக்கு 9 ரேட்டிங், இன்னொன்றுக்கு 7. 9 இருக்கும் வீட்டுக்கு வாடகை மாதம் 600 டாலர் அதிகம், அதுவும் ஒரு பெட்ரூம்தான், 7 இருக்கும் வீட்டில் இரண்டு, மாமியார் ஆறு மாதம் வந்து தங்கினால் அவருக்கு ஒரு அறை இருக்கும்.

என் கணவர் "படிப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்" என்கிறார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு நடுவில் அப்படி என்னதான் வித்தியாசம் இருந்துவிடும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரெண்டு_பிள்ளை_அப்பா

வாங்க வாங்க. ரேட்டிங் பேச்சு அப்புறம். முதலில் லீசிங் ஆபீஸ் சொன்னதை அப்படியே நம்பாதீர்கள். சன்னிவேல் என்பது ஊர் பெயர்தான், அந்த ஒரு ஊருக்குள் மூன்று டிஸ்ட்ரிக்ட் எல்லைகள் போகின்றன. ஒரு பகுதி குபர்டினோ யூனியன் (நிமிட்ஸ், ஸ்டாக்ல்மையர், வெஸ்ட் வேலி எல்லாம் சன்னிவேலில் இருக்கும் குபர்டினோ பள்ளிகள்), பெரும்பகுதி சன்னிவேல் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (செர்ரி சேஸ், கம்பர்லாண்ட், எல்லிஸ் போல), கிழக்குப் பக்கம் பாண்டரோசா, பிரேலி இருக்கும் இடம் சாண்டா கிளாரா யூனிஃபைட். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் வேறொன்று என்று இருக்கும். டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் முகவரி போட்டுத் தேடும் வசதி இருக்கிறது, வீட்டு எண்ணோடு போட்டுப் பாருங்கள். அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். லீஸில் கையெழுத்துப் போட்ட பிறகு எல்லை வேறு என்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, பெயரில் ஏமாறாதீர்கள். குபர்டினோ யூனியன் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஹைஸ்கூல் தனி டிஸ்ட்ரிக்ட், அதன் பெயர் ஃப்ரீமாண்ட் யூனியன் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃப்ரீமாண்ட் ஊருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஊருடையது ஃப்ரீமாண்ட் யூனிஃபைட். புதிதாக வந்த இரண்டு குடும்பங்கள் இதைக் குழப்பிக்கொண்டு தவித்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

சேலம்_சிவா

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 9 இருக்கும் பள்ளிக்கே போங்கள். பக்கத்து பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் படிக்கிற பிள்ளைகளாக இருந்தால் நம் பிள்ளையும் படிக்கும், இது எங்கும் உண்மை. என் மகன் மூன்றாம் வகுப்பில் கூடப் படிக்கும் இரண்டு பையன்களைப் பார்த்துத்தான் புத்தகத்தையே கையில் எடுத்தான், அதுவரை நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. 600 டாலர் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் தனியார் பள்ளியில் இரண்டு வாரக் கட்டணம் கூட வராது. கொஞ்சம் நெருக்கிக்கொண்டு ஒரு பெட்ரூமில் இருங்கள், நாங்களும் நான்கு வருடம் அப்படித்தான் இருந்தோம்.

கார்ப்பெட்_டைம்

நான் பக்கத்து டிஸ்ட்ரிக்ட் ஒன்றில் கிண்டர் வகுப்பில் உதவியாளராக ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த ரேட்டிங் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு எண்ணை வைத்துக் குடும்பங்கள் வாழ்க்கையையே மாற்றுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

வீடு தேடும் தளங்களில் பள்ளிக்குப் பக்கத்தில் தெரியும் 1 முதல் 10 வரையான எண் கிரேட்ஸ்கூல்ஸ் என்ற தளம் தருவது. எலிமெண்டரிக்கு அதன் அடிப்படை மாநிலத் தேர்வு. கலிஃபோர்னியாவில் அந்தத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆங்கிலம், கணிதம் இரண்டும் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்பில்; ஐந்தில் கூடவே அறிவியல். அதாவது கிண்டர், ஒன்று, இரண்டு ஆகிய மூன்று வருடங்களைப் பற்றி அந்தத் தேர்வு நேரடியாக எதுவும் சொல்வதில்லை. உங்கள் மகள் முதல் தேர்வு எழுத இன்னும் நான்கு வருடம் போல இருக்கிறது. இன்று நீங்கள் பார்க்கும் 9 என்பது இப்போது பத்து வயதில் இருக்கும் வேறு யாரோ பிள்ளைகளின் மதிப்பெண். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் சாயங்காலம் குமான், ரஷ்யன் மேத் போன்ற டியூஷனுக்குப் போகிறார்கள் என்பது அந்த எண்ணுக்குள் கலந்துதான் இருக்கிறது, பிரித்துப் பார்க்க வழியில்லை. வளர்ச்சியையும் கணக்கில் எடுக்கிறார்கள்தான், ஆனாலும் பெற்றோரின் வசதியும் படிப்பும் அந்த எண்ணில் பெரிய பங்கு வகிக்கின்றன.

ஒரு யோசனை. மாநிலத் தேர்வு முடிவுகளைக் கல்வித் துறையே பொதுவில் போடுகிறது. அதில் பள்ளியின் மொத்த சதவீதத்தைப் பார்க்காமல், உட்பிரிவுகளைத் திறந்து பாருங்கள். பொருளாதாரத்தில் பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்று தனித்தனியாக இருக்கும். இரண்டு பள்ளியிலும் ஒரே உட்பிரிவை எடுத்து ஒப்பிடுங்கள். பல சமயம் 9க்கும் 7க்கும் இருந்த வித்தியாசம் அங்கே சுருங்கிவிடும், சில சமயம் 7 இருக்கும் பள்ளி முன்னால் நிற்கும். ஒரு உட்பிரிவில் 10 பேர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் முடிவை மறைத்துவிடுவார்கள், அதனால் சிறிய பள்ளிகளில் இப்படிப் பார்ப்பது கடினம்.

சிவா அண்ணா சொன்னது எனக்கும் புரிகிறது. ஆனால் கிண்டரில் கூடப் படிக்கும் பிள்ளைகளை விட அந்த ஆசிரியை முக்கியம். காலை எட்டரைக்கு இருபத்து நான்கு பிள்ளைகள் கார்ப்பெட்டில் உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருத்தி மட்டும் கதவைப் பார்த்து அழுதுகொண்டிருப்பாள். நான் வேலை செய்யும் வகுப்பு ஆசிரியை கதையை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே நகர்ந்து போய் அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்தைத் திருப்பும் வேலையை அவள் கையில் கொடுப்பார். மூன்றாவது பக்கத்தில் அழுகை நின்றிருக்கும். இதை எந்தத் தளமும் அளப்பதில்லை.

சேலம்_சிவா

உட்பிரிவு விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி தங்கச்சி. இன்று மதியம் எங்கள் பள்ளியையும் என் தம்பி வீட்டுப் பக்கத்துப் பள்ளியையும் எடுத்துப் பார்த்தேன், நான் நினைத்த அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆனாலும் கூட்டாளிகள் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, குறிப்பாக நான்கு, ஐந்தாம் வகுப்பில்.

பெயர்_வேண்டாம்_அம்மா

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், பள்ளியின் பெயர் சொல்ல விருப்பமில்லை. வேறு டிஸ்ட்ரிக்ட், இதே வளைகுடாப் பகுதிதான். 10 ரேட்டிங் பள்ளிக்கென்றே வீடு எடுத்தோம், ஜூலையில் சேர்க்கப் போனோம். ஒன்றாம் வகுப்பில் இடமில்லை, உங்கள் பிள்ளையை ஓவர்ஃப்ளோவில் வேறு பள்ளிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். எல்லைக்குள் குடியிருந்தால் இடம் நிச்சயம் என்று நாங்கள் நினைத்திருந்தோம், அப்படி இல்லை. டிஸ்ட்ரிக்டுக்குள் இடம் நிச்சயம், அந்தக் குறிப்பிட்ட பள்ளியில் நிச்சயம் இல்லை. வீட்டு ஜன்னலிலிருந்து அந்தப் பள்ளியின் கொடிக்கம்பம் தெரியும். மகனைக் காரில் ஏற்றி பதினைந்து நிமிடம் தள்ளி வேறு பள்ளியில் தினமும் விட்டேன், இங்கே பொதுவாக ஸ்கூல் பஸ்ஸும் கிடையாது. மணி அடிக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நடந்து போவதைப் பார்த்துவிட்டு அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால் நீங்கள் ஏப்ரலில் வந்து இறங்கிய அன்றே பதிவு செய்யுங்கள். முகவரிக்கு ஆதாரமாக லீஸ், பிஜி அண்ட் இ (கரண்ட், கேஸ் கம்பெனி) பில் போன்றவை கேட்பார்கள். பில் வர ஒரு மாதம் ஆகும், ஆகவே வீட்டுச் சாவி வாங்கிய நாளிலேயே கரண்ட் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள்.

ரெண்டு_பிள்ளை_அப்பா

ரொம்பச் சரி. டிஸ்ட்ரிக்டுக்கு போன் செய்தே கேட்கலாம்: இந்தப் பள்ளியில் கிண்டரில் இப்போது இடம் இருக்கிறதா, காத்திருப்புப் பட்டியல் இருக்கிறதா என்று. 9 இருக்கும் பள்ளி நிரம்பியிருந்தால் 600 டாலர் கொடுத்தும் அங்கே போக முடியாது, அப்புறம் இந்தக் கணக்குக்கே அர்த்தம் இல்லை.

ஃபாரியா_அம்மா

லாட்டரி பள்ளிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த டிஸ்ட்ரிக்டில் எல்லை இல்லாத பள்ளிகள் சில இருக்கின்றன. ஃபாரியா, மர்டாக்-போர்ட்டல் இரண்டும் கட்டுப்பாடான, அடிப்படைப் பாடங்களில் அழுத்தம் தரும் முறை. மெக்காலிஃப் பெற்றோர் பங்கேற்புப் பள்ளி, அங்கே பெற்றோர் வகுப்பில் நேரம் கொடுத்தாக வேண்டும், இருவரும் வேலைக்குப் போனால் நன்றாக யோசித்துச் சேருங்கள். சீன மொழி வழிக் கல்வியும் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், குலுக்கலில்தான் இடம். ஏப்ரல் கடைசியில் வருபவர்களுக்கு இந்த வருடம் காத்திருப்புப் பட்டியல்தான் கிடைக்கும், அடுத்த வருடத்துக்கு முயலலாம்.

எங்கள் பையன் ஃபாரியாவில் சந்தோஷமாக இருக்கிறான், ஆனால் பெண்ணுக்கு அது ஒத்துவராது என்று வீட்டுப் பக்கத்துப் பள்ளியிலேயே விட்டுவிட்டோம். அவளுக்கு ஓடி ஆட வேண்டும், தோட்டத்தில் மண்ணைக் கிளற வேண்டும். ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரண்டு பள்ளிகள், காலையில் அலைச்சல் அதிகம். ஆனாலும் எடுத்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மதுரை_மைதிலி

கொஞ்சம் வேறு விஷயம். பதிவுப் படிவத்தில் வீட்டு மொழி பற்றி நான்கு கேள்விகள் வரும். குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி, வீட்டில் அதிகம் பேசும் மொழி, பெற்றோர் குழந்தையோடு பேசும் மொழி, வீட்டுப் பெரியவர்கள் பேசும் மொழி. எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் என்று போட்டுவிடு, இல்லாவிட்டால் குழந்தையைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று எனக்கு ஐந்து பேர் சொன்னார்கள். நானும் பயந்து அப்படியே போட்டேன். என்ன சொல்கிறீர்கள்?

கார்ப்பெட்_டைம்

மைதிலி, தமிழ் பேசும் வீடு என்றால் தமிழ் என்றே போடுங்கள். பொய் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. முதல் மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது வேறு மொழி போட்டிருந்தால் சேர்ந்த 30 நாளுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். கிண்டர் பிள்ளைக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் காட்டிப் பேச வைப்பார், அவ்வளவுதான். நன்றாகப் பேசினால் ஆங்கிலம் சரளம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். இல்லையென்றால் அதே வகுப்பில் இருந்துகொண்டே ஆங்கிலத்துக்குக் கூடுதல் உதவி, வருடத்துக்கு ஒருமுறை தேர்வு, தேறியதும் வகைப்பாடு மாறிவிடும்.

நான் பார்த்த ஒரு குழந்தை வீட்டில் முழுக்க தெலுங்கு. அப்பா ஆங்கிலம் என்று எழுதிவிட்டார். அக்டோபர் வரை பையன் பேசவே இல்லை, பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். உதவி இருந்தும் அவனுக்குக் கிடைக்கவில்லை. பாட்டி பேசும் மொழியை மறைத்து ஒரு குழந்தைக்கு என்ன நல்லது செய்துவிட முடியும்?

மதுரை_மைதிலி

படித்துவிட்டு அழுதுவிட்டேன். திங்கட்கிழமை ஆபீஸில் பேசி, திருத்த முடியுமா என்று கேட்கிறேன்.

தாமதமாகப்_பேசினான்

பேச்சு, நடத்தை, கவனம் இவற்றில் உதவி தேவைப்படும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ரேட்டிங்கே வேறு கணக்கு. என் மகன் நாலு வயது வரை பேசவில்லை. உரிமை எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான், கூட்டாட்சிச் சட்டம் அது. மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சாகக் கேட்டால் நாள் ஓடும். எழுதிக் கொடுத்தால் கலிஃபோர்னியாவில் 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டம் அனுப்ப வேண்டும், நீங்கள் கையெழுத்திட்ட பிறகு 60 நாளுக்குள் ஐஇபி (பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) கூட்டம் நடக்க வேண்டும். பள்ளி விடுமுறை நாட்கள் கணக்கில் வராமல் போகலாம், அதையும் மனதில் வையுங்கள்.

ஆனால் சிறப்பு வகுப்புகள் எல்லாப் பள்ளியிலும் நடப்பதில்லை, டிஸ்ட்ரிக்ட் சில பள்ளிகளில் மட்டும் வைத்திருக்கும். அதனால் வீட்டுப் பக்கத்துப் பள்ளி எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் உங்கள் பிள்ளை வேறு பள்ளிக்குப் போக வேண்டி வரலாம். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. அனுப்பிய பள்ளியின் ரேட்டிங் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேச்சுப் பயிற்சி தரும் அம்மா முதல் வருடக் கடைசியில் ஒரு நாள் வாசல் வரை அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் என்னைப் பார்த்து "அம்மா, கார் எங்கே நிறுத்தின?" என்று கேட்டான். முழு வாக்கியம். நான் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன்.

ஹோம்ஸ்டெட்_ரோடு

நான் இந்தப் பகுதியில் 17 வருடம். என் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த டிஸ்ட்ரிக்டில் படித்து, ஹைஸ்கூல் முடித்து வெளியே போய்விட்டார்கள். எலிமெண்டரியைத் தேர்ந்தெடுத்தால் அதுவே ஹைஸ்கூல் வரை இழுத்துக்கொண்டு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹைஸ்கூலைத் தீர்மானிப்பது அந்த நேரத்தில் நீங்கள் குடியிருக்கும் முகவரி. ஃபாரியாவில் படித்த பிள்ளையும் வீட்டு முகவரிக்குரிய ஹைஸ்கூலுக்குத்தான் போகும். அது மட்டுமில்லை, சன்னிவேல் டிஸ்ட்ரிக்டில் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வருவதும் இதே ஃப்ரீமாண்ட் யூனியன் ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குத்தான். ஹோம்ஸ்டெட் ஹைஸ்கூலில் என் மகளோடு படித்த கூட்டத்தில் யார் குபர்டினோ யூனியன், யார் சன்னிவேல் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு வருடத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. தெருவுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று நாங்கள் பட்ட கவலை எல்லாம் அங்கே கரைந்துபோனது.

பள்ளியே நிரந்தரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டு விலை ஏறி இளம் குடும்பங்கள் வர முடியாமல் போனதில் பிள்ளைகள் எண்ணிக்கை வருடா வருடம் குறைந்தது. 2021 அக்டோபரில் டிஸ்ட்ரிக்ட் நிர்வாகக் குழு வாக்களித்து ரெக்னார்ட், மெயர்ஹோல்ஸ் என்ற இரண்டு பள்ளிகளையும் மூட முடிவெடுத்தார்கள், அடுத்த கல்வியாண்டிலிருந்து அது நடந்தது. ரெக்னார்ட் நல்ல பெயரெடுத்த பள்ளி. அதற்காகவே அந்த எல்லைக்குள் வீடு வாங்கியவர்கள் இருந்தார்கள்.

வாடகைக்கு வரும் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இப்போதைக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு முடிவெடுங்கள், பதின்மூன்று வருடத்துக்கும் சேர்த்து இன்றே எடுக்காதீர்கள். அப்புறம் பள்ளி விட்ட பிறகு யார் பார்த்துக்கொள்வது என்று பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். பள்ளி வளாகத்திலேயே டேகேர் இருக்கிறதா, அதில் இடம் இருக்கிறதா என்பது வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ரேட்டிங்கை விடப் பெரிய விஷயம்.

ஆஸ்டின்_டு_சன்னிவேல்

எல்லோருக்கும் நன்றி. வீடு பார்க்க போன வாரம் மூன்று நாள் வந்திருந்தோம், இரண்டு பள்ளிக்கும் போனேன். எழுதிவிடுகிறேன், பின்னால் யாருக்காவது உதவும்.

முகவரியைத் தேடிப் பார்த்ததில் இரண்டும் குபர்டினோ யூனியன்தான். 9 இருக்கும் பள்ளியில் கிண்டரில் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறதாம், இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். டேகேரிலும் அப்படியே. ஆபீஸில் மரியாதையாகத்தான் பேசினார்கள், குறை இல்லை.

7 இருக்கும் பள்ளிக்கு மதியம் போனேன். வெளியே பெஞ்சுகளில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலை, மதியம் இரண்டு வேளையும் பள்ளியிலேயே காசில்லாமல் சாப்பாடு என்று அப்போதுதான் தெரிந்தது, 2022லிருந்து மாநிலம் முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டாம். எங்கள் வீடு சைவம், அதனால் டப்பாதான் கொடுத்தனுப்புவேன். ஒரு குட்டிப் பெண் டப்பாவைத் திறந்தாள், லெமன் சாதம். பக்கத்தில் இருந்த பையன் அது என்ன என்று கேட்டான், அவள் "மஞ்சள் ரைஸ், என் தாத்தா செய்தது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு சாப்பிடப் போய்விட்டாள். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. நான் சிறுவயதில் இரண்டு வருடம் மும்பையில் படித்தபோது டப்பாவை மேசைக்குக் கீழே வைத்துச் சாப்பிட்டவள், அதனால் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

முதல்வர் மணி அடிக்கும்போது வாசலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஒரு பையனிடம் பாட்டிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். டேகேரில் இரண்டு இடம் இருக்கிறது. வீட்டிலிருந்து நடந்து போய்ப் பார்த்தேன், என் நடையில் ஏழு நிமிடம், மகள் நடையில் பன்னிரண்டு ஆகலாம், ஒரே ஒரு பெரிய சாலையைத்தான் கடக்க வேண்டும், அங்கே பிள்ளைகளைக் கடக்க வைக்கும் காவலர் நிற்கிறார். உட்பிரிவு மதிப்பெண்களையும் பார்த்தேன். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் கணிதத்தில் இந்தப் பள்ளியில் மேலே இருக்கிறார்கள். அதைக் கணவரிடம் காட்டியதும் அவர் லேப்டாப்பை வாங்கி மூன்று வருட முடிவுகளையும் தானே வரிசையாகப் பார்த்தார், அதற்குப் பிறகு வாடகையைப் பற்றிப் பேசவில்லை.

லீஸில் கையெழுத்துப் போட்டாயிற்று, இரண்டு பெட்ரூம் வீடு. வீட்டு மொழிக்குத் தமிழ் என்று எழுதுவேன்.

ஒன்றே ஒன்று கேட்கணும். அந்தப் பக்கம் ஆகஸ்டில் கிண்டர் சேரும் தமிழ்க் குழந்தை யாராவது இருக்கிறார்களா? பள்ளி திறப்பதற்கு முன்னால் பார்க்கில் ஒருநாள் சந்தித்தால் முதல் நாள் ஒரு முகமாவது அவளுக்குத் தெரிந்ததாக இருக்கும்.

மதுரை_மைதிலி

எந்தப் பள்ளி என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள் அக்கா. என் இரண்டாவது பையனுக்கும் இந்த வருடம்தான் கிண்டர். படிவத்தைத் திருத்தச் சொல்லியாயிற்று, ஆபீஸில் கேட்டதும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.